மயில்சாமிக்காக மூச்சு விட்டவர்கள்

பழனிச்சாமி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

“ஏனுங்க சிஸ்டர், போதுமுங்க. தம்பியை ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போயர்றமுங்க” என்றார்.

காலை பதினொரு மணி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே மாங்காய் லாரி ஒன்று கியர் மாற்றிக்கொண்டு போனது. என் இரண்டு கைகளும் ஒரு ரப்பர் பையின்மேல் இருந்தன. அமுக்கினால் மயில்சாமியின் நெஞ்சு மேலே எழும். விட்டால் இறங்கும். பழனிச்சாமி பேசும்போதும் நான் நிறுத்தவில்லை.

மயில்சாமியைப் பார்த்தால் யாருமே செத்துப்போனவர் என்றுதான் சொல்வார்கள். கண் மூடியிருந்தது. இமையைத் தூக்கிவிட்டால் தூக்கிய இடத்தில் நின்றது. கிள்ளினால் அசைவில்லை. கையைத் தூக்கிப் போட்டால் ஈரத்துணி மாதிரி விழுந்தது. நான் அமுக்குவதால்தான் நெஞ்சு அசைகிறது, அமுக்காவிட்டால் அசையாது என்று அவருடைய அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. அதைவைத்து அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டார். வெளியே வண்டிக்குச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

அந்த அறையில் அப்போது டாக்டர் இல்லை. நான்தான் இருந்தேன்.

என் குரலைப் பற்றிக் கொஞ்சம்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு நான் வண்டிப்பெரியார்க்காரி என்பது தெரியும். புதிதாக இந்த வாரம் பக்கத்தைத் திறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். நான் பிறந்தது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாட்டுக் குழுவில் என்னைக் கடைசி வரிசையில் நிறுத்துவார்கள். முன்னால் நின்றால் மற்ற பிள்ளைகளின் பாட்டு கேட்காதாம். இந்த மலையில் நின்று அந்த மலையில் கொழுந்து பறிப்பவளைக் கூப்பிட்டுப் பழகிய குடும்பத்துக் குரல் அது.

நர்ஸ் படிப்பு முடித்து, பாலக்காட்டுக்குக் கிழக்கே, முதலமடைக்குப் போகிற சாலையில் இருக்கும் இந்தத் தர்ம ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, மெதுவாகப் பேசும்படி எனக்கு முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டேன். இந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொள்வதுதான் சிரமமாக இருந்தது. ஒரு அம்மா வந்து “ஏனுங்க” என்றார். காரணம் கேட்கிறார் என்று நினைத்து “என்ன ஏன்?” என்று கேட்டேன். அவரும் நின்றார், நானும் நின்றேன். பக்கத்தில் இருந்த ஆயாதான் சிரித்துக்கொண்டே, கூப்பிடுகிறார் என்று விளக்கினாள்.

நாற்பது படுக்கை உள்ள ஆஸ்பத்திரி. ஒரு காலத்தில் மாங்காய்க் கிடங்காக இருந்த கட்டடத்தை ஒரு டிரஸ்ட் வாங்கி மாற்றியது. இன்றும் முதல் மழை பெய்தால் வெளிநோயாளிப் பகுதியின் தரையிலிருந்து மாங்காய் பரப்பிவைத்த வைக்கோலின் வாசனை வரும். பனையிலிருந்து விழுந்த கள் இறக்குபவர்கள், பக்கத்துச் சித்தூரில் நாற்று நடும் பெண்கள், மலையடிவாரத்துப் பழங்குடிக் காலனிக்காரர்கள், மாந்தோப்பு வேலையாட்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். கையில் இருப்பதைக் கொடுப்பார்கள். இல்லாதவரை யாரும் கேட்பதில்லை.

ஆனால் எங்களிடம் எல்லாம் உண்டு என்று சொல்லமாட்டேன். கொரோனா காலத்தில் யாரோ நல்லவர்கள் கொடுத்த ஒரே ஒரு வென்டிலேட்டர் இருந்தது. மயில்சாமி வந்த அன்று அது கோயம்புத்தூரில் ரிப்பேர் கடையில் இருந்தது.

எலி என்று நினைத்தார்

மயில்சாமிக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த நிலம் அப்பா காலத்திலேயே போய்விட்டது. அண்ணன் பழனிச்சாமி ஒரு குட்டி லாரி ஓட்டினார். தம்பி ஏழெட்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு தோப்புத் தோப்பாகக் காய் பறிக்கும் வேலை எடுத்துச் செய்தார். மனைவி ரத்தினாவும் அதே கூட்டத்தில் காய் தரம் பிரிப்பவள்.

அது சீசன் உச்சத்தில் இருந்த சமயம். விடிந்ததும் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். முதல் நாள் அடுக்கிவைத்த பிளாஸ்டிக் பெட்டிகளை எடுக்க மயில்சாமி அடியில் கைவிட்டபோது மோதிர விரலில் சுருக்கென்றது. எலி கடித்துவிட்டது என்று நினைத்தார். துணியைச் சுற்றிக்கொண்டு அரைமணி நேரம் பெட்டி தூக்கினார்.

பிறகு ரத்தினாவிடம், கண் சொருகுகிறது என்று சொன்னாராம். ராத்திரி சரியாகத் தூங்காததால் இருக்கும் என்று அவள் நினைத்தாள். தண்ணீர் கேட்டார். கொடுத்த தண்ணீர் வாயோரமாக வழிந்தது. அப்போதுதான் ஒருவர் போய்ப் பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். நல்ல பாம்பு அங்கேயே சுருண்டு கிடந்தது.

இரண்டு பேருக்கு நடுவில் பைக்கில் உட்காரவைத்து எங்களிடம் கொண்டுவந்தார்கள். வண்டியிலிருந்து இறக்கும்போது தலை நிற்கவில்லை. பெயர் கேட்டேன். “ம…யி…” என்றார், நாக்கு தடித்துவிட்டது. விஷமுறிவு மருந்து எங்களிடம் எப்போதும் இருக்கும். அதை ஏற்ற ஆரம்பித்தோம். மருந்து உள்ளே போகப் போக மூச்சு மேலோட்டமாகிக்கொண்டே வந்தது. நல்ல பாம்பின் விஷம் இதயத்தை நிறுத்துவதற்கு முன்னால் தசையை நிறுத்திவிடும். மூச்சு விடுவதும் தசையின் வேலைதானே.

டாக்டர் ஷாஹினா குழாயைத் தொண்டைக்குள் இறக்கினார். அவர் எங்கள் டாக்டர்களில் இளையவர், என்னைவிடப் பதினெட்டு வயது குறைந்தவர். கை நடுங்காது. குழாய் சரியாக உட்கார்ந்ததும் பையை மாட்டி என் கையில் கொடுத்துவிட்டு, போனை எடுத்தார்.

பாலக்காட்டில் இரண்டு இடம், திருச்சூரில் ஒன்று, கோயம்புத்தூரில் ஒன்று. எங்கேயும் வென்டிலேட்டர் காலியாக இல்லை. கோயம்புத்தூரில் சாயந்திரம் ஒன்று காலியாகலாம் என்றார்கள்.

“ஸ்டெல்லா சேச்சி, இங்கயே பாக்கலாம். வழியில வச்சு ஏதாவது ஆச்சுன்னா அங்க மாத்தி அமுக்க இன்னொரு கைகூட இல்ல” என்றார் டாக்டர்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும். அதுவரை இந்த மனிதருக்காக யாராவது மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ஆறு பேர் தூக்கிய கம்பளி

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது.

என் தம்பி பிறக்கும் சமயம், அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் ஒரே ரோஸ் நிற மருந்துதான். கம்பவுண்டர் நல்ல மனிதர். தன்னால் முடியாது என்று உடனே சொல்லிவிட்டார். மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்தது. லாரி வரவில்லை.

லயத்து ஆண்கள் ஒரு கம்பளியில் அம்மாவைப் படுக்கவைத்தார்கள். மலைக்குக் கீழே இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஆறு பேர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பின்னால் இன்னும் ஆறு பேர் வெறுங்கையோடு வந்தார்கள். எதற்கு இத்தனை பேர் என்று கூடவே நடந்த நான் நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் புரிந்தது. தூக்கியவர்கள் தோள் வலிக்கும்போது ஒரு வார்த்தையும் பேசாமல் பின்னால் வந்தவர்கள் உள்ளே நுழைந்துகொண்டார்கள். கம்பளி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. மழையில் நனைந்த கம்பளியின் வாடை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

அம்மா பிழைத்தாள். தம்பியும் பிழைத்தான். அவன் இப்போது குமுளியில் ஜீப் ஓட்டுகிறான்.

மாங்காய் பறிக்கும் கைகள்

அந்தப் பையை நாங்கள் அம்பு பை என்போம். “அம்புங்களா?” என்று ரத்தினா பயந்துபோய்க் கேட்டாள். பெயர்தான் அப்படி, காற்று கொடுக்கிற பை என்று சொன்னேன்.

அதைத் தொடர்ந்து அமுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. இருபதாவது நிமிடத்தில் கட்டைவிரலின் அடிச்சதை கல்லாகிவிடும். அன்று பணியில் இருந்த நர்ஸ்கள் நான்கு பேர். பிரசவ வார்டில் ஒரு பெண் வலியோடு படுத்திருந்தாள். குழந்தைகள் வார்டு நிறைந்திருந்தது. நாங்கள் மட்டும் சாயந்திரம் வரை தாங்கமாட்டோம்.

வராந்தாவில் எட்டிப் பார்த்தேன். மயில்சாமியின் ஆட்கள் ஏழு பேர், தோப்பில் போட்டது போட்டபடி வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முன்கையிலும் காம்பு முறிக்கும்போது தெறிக்கும் மாங்காய்ப் பால் சுட்ட கறுப்புத் தழும்பு. அவர்களை உள்ளே கூப்பிட்டேன். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன்.

எப்படி அமுக்குவது என்று எண்ணிக்கை வைத்து முதலில் சொல்லிப் பார்த்தேன். பயத்தில் எல்லோரும் வேகமாக எண்ணினார்கள். பிறகு வேறு மாதிரி சொன்னேன். நீங்கள் மூச்சை உள்ளே இழுக்கும்போது பையை அமுக்குங்கள். வெளியே விடும்போது கையைத் தளர்த்துங்கள். அவருக்கும் சேர்த்து நீங்கள் மூச்சு விடுகிறீர்கள், அவ்வளவுதான் என்றேன்.

அது உடனே பிடிபட்டது. காய்க்கு அடிபடாமல் பிடித்துப் பழகிய கைகள் அவை. எங்கே அழுத்தம் போதும், எங்கே அதிகம் என்று அவற்றுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. படித்துவிட்டு வரும் புதுப் பெண்களுக்கு நான் ஒரு வாரம் சொல்லித் தருவதை அவர்கள் கால்மணி நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். என்னையும் சேர்த்து ஆளுக்குப் பத்து நிமிடம். ஒருவர் அமுக்க, அடுத்தவர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். பக்கத்திலேயே நின்று நெஞ்சு எழும்புவதையும் மானிட்டரையும் நான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பழனிச்சாமி அப்போதுதான் பொள்ளாச்சியில் லோடு இறக்கிவிட்டு வந்துசேர்ந்தார். வாசல் கண்ணாடி வழியாக ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

ஒருமுறை நிறுத்தியிருக்கிறேன்

அவர் கேட்டது நியாயமில்லாதது என்று நான் நினைக்கவில்லை. நானே ஒருமுறை நிறுத்தியிருக்கிறேன்.

படிக்கிற காலத்தில், மதுரைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், பாம்பு கடித்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். புல் அறுக்கப் போனவள். கையில் பச்சைக் கண்ணாடி வளையல்கள். நான்தான் பை அமுக்கினேன். டாக்டர்கள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, போதும் என்றார்கள். இதயம் துடிக்கிறதா என்று நான் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. போதும் என்றதும் கையை எடுத்துவிட்டேன். எனக்கு இருபத்தொரு வயது.

பல வருடங்களுக்குப் பிறகு, பாம்புக்கடியில் பிழைத்த ஒரு நோயாளி என்னிடம், தன்னைச் சுற்றிப் பேசியது எல்லாம் கேட்டது, கண்ணைத் திறக்கத்தான் முடியவில்லை என்று சொன்னார். அந்தப் பெண் அப்போது போய்விட்டாளா, இல்லை என் கையை நம்பிப் படுத்திருந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு நான் யார் சொல்லியும் சீக்கிரம் கையை எடுப்பதில்லை.

பெருவிரல்

பழனிச்சாமி வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். டாக்டர் ஷாஹினா பிரசவ வார்டில் இருந்தார். குழந்தையின் தலை தெரிகிற நேரம், கூப்பிட முடியாது.

“இல்லண்ணே, உசுரு இருக்கு. இதயம் நல்லா அடிக்கி, மிஷினப் பாருங்க” என்றேன்.

மிஷினை அவர் நம்பவில்லை. கரண்டில் ஓடுவது எதைக் காட்டினால் என்ன என்பதுபோலப் பார்த்தார். தம்பியை இப்படி வைத்து அமுக்கிக்கொண்டே இருப்பது பாவம் என்றார். ரத்தினாவுக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்கவேண்டாம் என்றார். பிறகு, அம்மா உயிரோடு இருக்கிறார்கள், அவர்கள் பார்க்கும்போது தம்பியின் முகம் முகமாக இருக்கட்டும் என்றார். கெட்ட எண்ணத்தில் அவர் எதுவும் பேசவில்லை.

நான் பையை ஆட்களில் ஒருவரிடம் கொடுத்தேன். வராந்தாவிலிருந்து ரத்தினாவைக் கூப்பிட்டேன். பழனிச்சாமியை நகரவிடாமல் கட்டிலின் கால்மாட்டிலேயே நிறுத்தினேன். மயில்சாமியின் வலது காலைப் போர்வையிலிருந்து வெளியே எடுத்தேன். பாதத்தில் தோப்பு மண் அப்படியே இருந்தது.

இந்த விஷம் பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்கும். கண், தொண்டை, கழுத்து, நெஞ்சு என்று முடக்கிக்கொண்டு வரும். சில பேருக்குக் கடைசியில் கால்விரல் நுனியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். சில பேருக்கு இருக்காது. இவருக்கு இருக்கும் என்று எனக்கு நிச்சயம் எதுவும் கிடையாது. அசையாவிட்டால் பழனிச்சாமி தம்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அது தெரிந்துதான் கேட்டேன்.

பல வருடங்களாக அடக்கிவைத்த குரலை அன்று விட்டேன். வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

“மயில்சாமி, நான் ஸ்டெல்லா சிஸ்டர். நீங்க சாகல. விஷத்துல உடம்பு அசையாம கெடக்கு, அவ்வளவுதான். நான் பேசுறது கேட்டுச்சுன்னா வலது காலு பெருவெரல ஆட்டுங்க.”

ஒன்றும் இல்லை.

இன்னொருமுறை சொன்னேன். ஒன்றும் இல்லை. ரத்தினா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. பழனிச்சாமி மெதுவாக, விட்டுவிடச் சொல்லிக் கை காட்டினார்.

மூன்றாவது முறை நான் பெயரைச் சொல்லவில்லை. அவருடைய பெருவிரலைத் தொட்டு, இது, இதை மட்டும் என்றேன்.

அசைந்தது. ஒரு நெல்மணி நீளத்துக்கு உள்பக்கம் மடங்கித் திரும்பி வந்தது.

பழனிச்சாமி பார்த்துவிட்டார். ஆனாலும் நரம்பு இழுத்திருக்கும் என்றார். செத்த ஆட்டுக்கும் இழுக்கும் என்று அவருக்குத் தெரியும். நான் ரத்தினாவைக் கேட்கச் சொன்னேன். குனிந்து, காலுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், காதில் பேசுவதுபோலப் பேசினாள்.

“ஏனுங்க, நாந்தானுங்க. ரெண்டு தடவ ஆட்டுங்க. ரெண்டே ரெண்டு தடவ.”

ஒருமுறை மடங்கியது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பை அமுக்குகிறவரும் பிடித்துக்கொண்டுவிட்டார். அவரை நான் அதட்டவேண்டியதாயிற்று. அவர் அமுக்கினார். நெஞ்சு எழுந்து தாழ்ந்தது. அப்போது விரல் இரண்டாவது முறை மடங்கியது. பிறகு அசையவில்லை.

பழனிச்சாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எழுந்து நேரே தண்ணீர்க் குழாய்க்குப் போனார். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். வந்து என் முன்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். நான் பையைக் கொடுக்கச் சொன்னேன்.

சாயந்திரம்

அதற்குப் பிறகு அந்த அறையில் சாவைப் பற்றி யாரும் பேசவில்லை. அவருக்குக் காது கேட்கிறது என்று தெரிந்ததும் எல்லோரும் அவரிடம் பேச ஆரம்பித்தார்கள். எந்தத் தோப்பில் எவ்வளவு காய் நிற்கிறது, யார் இன்னும் பெட்டியைத் திருப்பித் தரவில்லை, பாம்பைப் பிடித்துக் காட்டில் விட வனத்துறை ஆள் வந்தது என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரசவ வார்டில் ஆண் குழந்தை பிறந்ததையும் சொன்னார்கள். டாக்டர் ஷாஹினா வந்து, கண் உலராமல் இருக்கக் களிம்பு போட்டு இமையை ஒட்டினார். வலிக்கும் தூக்கத்துக்கும் கொஞ்சம் மருந்து கொடுத்தார். நடந்ததை நான் சொன்னதும் அவரும் போய்ப் பெருவிரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

மதியச் சாப்பாடு ஆஸ்பத்திரி சமையலறையிலிருந்து வந்தது. சோறும் மாங்காய்க் குழம்பும். வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர் கை கழுவிக்கொண்டு வர, உள்ளே இருந்தவர் சாப்பிடப் போனார்.

சாயந்திரம் ஐந்து மணி வாக்கில் புருவம் சுருங்கியது. அடுத்த ஒரு மணி நேரத்தில், பை அமுக்குவதற்கு முன்பே நெஞ்சு தானாக எழும்ப முயற்சி செய்வதைப் பார்த்தேன். அப்போது பை பழனிச்சாமி கையில் இருந்தது. அவரும் அதை உணர்ந்துவிட்டார். எதிரே யாரோ இழுக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அதுதான் உங்கள் தம்பி என்றேன்.

இருட்டும்போது மயில்சாமிக்கு மூச்சு சீராகிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. படுக்கை தயாராக இருப்பதாகச் சொன்னார்கள். டாக்டர் ஷாஹினா நன்றி சொல்லி, வேறு யாருக்காவது கொடுங்கள், எங்களுக்கு இனித் தேவையில்லை என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கமாட்டேன். என் முகத்திலும் அது இருந்திருக்கும். மறைத்திருக்கமாட்டேன்.

மறுநாள் காலையில் குழாயை எடுத்தோம். கரகரத்த குரலில் மயில்சாமி முதலில் கேட்டது, லோடு போய்விட்டதா என்று. ஆட்கள் யாருமே தோப்புக்குத் திரும்பிப் போகவில்லை என்று ரத்தினா சொன்னதும், அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

அண்ணன் கேட்ட கேள்வி

உயிர் பிழைத்தாலும் விரல் பிழைக்கவில்லை. கடிபட்ட மோதிர விரலின் நுனி கறுத்துவிட்டது. ஒரு கணுவை எடுக்கவேண்டியிருந்தது. ஒரு மாதத்துக்கு மேல், ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றிக்கொள்ள வந்துபோனார். அண்ணன்தான் தன் வண்டியில் கூட்டிவருவார். அவர் வெளியே இருப்பார், தம்பி உள்ளே வருவார்.

கட்டு மாற்றும்போது மயில்சாமி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அத்தனை பேரும் அமுக்கியதில் யார் எப்போது மாறினார்கள் என்று அவருக்குத் தெரிந்ததாம். ஒருவர் பயந்து பயந்து அமுக்குவாராம், பாதிக் காற்றுதான் வருமாம். இன்னொருவர் தாராளம். அண்ணன் அமுக்கினால் காற்று எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வருமாம். அவர் எதற்குமே அவசரப்படாத ஆள் என்று சொல்லிச் சிரித்தார்.

அதற்கு முன்னால் அண்ணன் பேசியதும் கேட்டதா என்று நான் கேட்டேன். கேட்டது என்றார். கோபம் இல்லையா என்றேன்.

“எனக்கே நான் செத்துட்டேன்னுதான் பட்டுச்சுங்க. அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன். நீங்க கால்வெரலத் தொட்டப்பத்தான், அட, எனக்குக் காலு இருக்குதேன்னு தெரிஞ்சுது.”

இதை அண்ணனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அவர்கள் வீட்டில் இரண்டு பேரும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது ஒவ்வொரு சீசன் தொடங்கும்போதும் நாங்கள் ஒரு நாள் தோப்பு ஆட்களைக் கூப்பிட்டுப் பை அமுக்கச் சொல்லித்தருகிறோம். பெட்டிக்கு அடியில் கைவிடுவதற்கு முன் கம்பால் தட்டவும் சொல்லித்தருகிறோம். மயில்சாமியின் ஆட்கள்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். ரிப்பேருக்குப் போன வென்டிலேட்டரும் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் வகுப்பை நாங்கள் நிறுத்தவில்லை.

கட்டு மாற்ற வருவது முடிவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒருநாள் பழனிச்சாமி மருந்து ஜன்னல் பக்கத்தில் என்னை நிறுத்தினார். தம்பி டிரஸ்ஸிங் அறையில் உட்கார்ந்திருந்தார். காயத்தின்மேல் மருந்துத் துணி வைத்துவிட்டு, சுற்றிக் கட்டும் துணி எடுக்க நான் வெளியே வந்திருந்தேன்.

“சிஸ்டருங்க, அன்னிக்கு நான் பேசுனது அவனுக்குக் கேட்டிருக்குமுங்களா?”

இந்தக் கேள்வியை அவர் ஒரு மாதமாக வண்டியில் கொண்டுவந்து கொண்டுபோயிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் சின்னச் சின்னப் பொய்கள் சொல்லாத நர்ஸ் இருக்கமுடியாது. ஆனால் இவர் பொய் கேட்டு வரவில்லை.

“கேட்டுச்சுண்ணே” என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவனே சொன்னானா என்று தரையைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு, தம்பி சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே சொன்னேன். தானே செத்துவிட்டதாக நினைத்ததையும், அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியதையும் சொன்னேன்.

பழனிச்சாமிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறாக மாறியது. மருந்து வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் கையில் இருந்த கட்டுத்துணியை வாங்கிக்கொண்டு டிரஸ்ஸிங் அறைக்குள் போனார்.

நான் கூடப் போகவில்லை. கதவைச் சாத்தினேன். அடுத்து காத்திருந்த அம்மாவிடம், கொஞ்சம் உட்காருங்கள், ஐந்து நிமிடம் ஆகும் என்றேன். கால்மணி நேரம் ஆயிற்று. உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. யார் குரலும் உயரவில்லை.

கதவு திறந்தபோது இரண்டு பேர் கண்களும் சிவந்திருந்தன. மயில்சாமி கையை எனக்கு நீட்டிக் காட்டினார். அண்ணன் கட்டிவிட்டிருந்தார். கட்டு கோணலாக இருந்தது. ஒரு இடத்தில் தடித்து, ஒரு இடத்தில் மெலிந்து, முடிச்சு உள்ளங்கைப் பக்கம் வந்திருந்தது. என் வார்டில் ஒரு மாணவி அப்படிக் கட்டியிருந்தால் மூன்றுமுறை அவிழ்த்துக் கட்டவைத்திருப்பேன்.

நன்றாக இருக்கிறது, நாளை மறுநாள் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.